மண்ணெண்ணெய்க் கொப்பி

கான்கள்தான் முதலில் கியூவில் நிற்கும். ஆட்கள் பிறகுதான் வருவார்கள். 2022 ஜூன் மாதம், எங்கள் கிராமத்துக் கடற்றொழிலாளர் சங்க மண்டபத்தின் முன்னால் இரவு எட்டு மணிக்கே கான்கள் வந்து குந்திவிடும். மஞ்சள், நீலம், வெள்ளை என்று இருபது லீற்றர்க் கான்கள். கைபிடிகளுக்குள்ளால் ஒரு நைலோன் கயிற்றைக் கோத்து மண்டபத்துத் தூணில் கட்டிவிடுவார்கள். அந்த வரிசையில் ஒரேயொரு சோடாப் போத்தலும் இருக்கும். போத்தலுக்குக் கைபிடி இல்லை, கயிறு கோக்க முடியாது. யாரோ ஒரு பெடியன் வலை நூலால் அதன் கழுத்தைப் பக்கத்துக் கானோடு முடிச்சுப் போட்டிருப்பான். அது கடற்கரை ஒழுங்கையில் தனியாக இருக்கும் ஓர் ஆச்சியுடையது. எழுபத்தெட்டு வயது. இரண்டு லீற்றர் மண்ணெண்ணெய் கிடைத்தால் அவவுக்கு இரண்டு கிழமைக்கு அடுப்பும் விளக்கும்.

நான் அந்தப் பிரிவின் கிராம அலுவலர். ஊரில் பழைய ஆட்கள் இன்னும் விதானையார் என்பார்கள், இளையவர்கள் ஜீ.எஸ் என்பார்கள். வடமராட்சிக் கரையில் பிறந்து அதே கரையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். எண்ணெய்ப் பவுசர் வருகிற நாளில் என் வேலை ஒரு கதிரையைப் போட்டு இருந்து, சீ.ஆர் கொப்பியை விரித்துப் பெயர் கூப்பிடுவது. வள்ளத்துக்கு இவ்வளவு, வீட்டுக்கு இவ்வளவு என்று அளந்து ஊற்றியதும் கையெழுத்து. கையெழுத்து வராதவர்களுக்குப் பெருவிரல். மண்ணெண்ணெய்க் கையோடு விரலை வைப்பதால் அந்தக் கொப்பியின் தாள்கள் எல்லாம் எண்ணெய் ஊறிக் கண்ணாடி மாதிரிப் போய்விட்டன. ஒரு பக்கத்தில் எழுதியது அடுத்த பக்கத்தில் தெரியும். அதைத் திறந்தாலே மணக்கும்.

கியூ எங்களுக்குப் புதிதல்ல. என் அப்பா சங்கக்கடை மனேச்சர். 1973, 74ஆம் ஆண்டுகளில் எனக்குப் பத்துப் பதினொரு வயது. பாணுக்கு விடியப்புறம் எழுப்பி அனுப்புவார்கள். அந்நியச் செலாவணி இல்லை என்று சிறிமாவோ அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிப் பிடித்த காலம். கிழமையில் இரண்டு நாள் சாப்பாட்டுக் கடைகளில் சோறு விற்கக் கூடாது. ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அரிசி கொண்டுபோவதற்கும் தடை இருந்தது. ஆனால் அதே காலத்தில்தான் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வராததால் யாழ்ப்பாணத் தோட்டக்காரர் நாலு காசு கண்டார்கள், கல்வீடு கட்டினார்கள். மலையகத் தோட்டங்களில் ஆட்கள் பட்டினியால் செத்ததும் அதே ஆண்டுகளில்தான். பிழைக்க வழி தேடி வடக்குக்கு வந்து சேர்ந்தவர்களில் ஒரு குடும்பம் எங்கள் வீட்டுப் படலையில் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. ஒரே அரசாங்கம், ஒரே கொள்கை. எங்கள் பக்கத்தில் கல்வீடு எழும்பியது, அங்கே பாடை எழும்பியது. இதைச் சொல்லாமல் அந்தக் காலத்தை மிளகாய்க் காலம் என்று கொண்டாடுகிறவர்களோடு எனக்கு எப்போதும் மனத்தாங்கல் உண்டு.

அப்பாவின் லாச்சிக்குள் கூப்பன் புத்தகங்கள் அடுக்கியிருக்கும். இரண்டாம் உலகப்போர் நடந்தபோது தொடங்கிய பங்கீடு அது. எழுபதுகளில் வருமான வரி கட்டுகிறவர்களுக்கு இலவச அரிசியை நிறுத்தினார்கள். மற்றப்படி ஏறக்குறைய எல்லா வீட்டிலும் அந்தப் புத்தகம் இருந்தது. அதில் கை வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அப்பா ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வார். 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றினார்கள். ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடு முழுக்க ஹர்த்தால். அந்த ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவியை விட்டுப் போனார். பிறகு 1978இல், மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும் கூப்பன் என்று ஆக்கினார்கள். அடுத்த வருடம் உணவு முத்திரை வந்தது. முத்திரையில் அச்சடித்த தொகை அப்படியே நிற்க, சாமான் விலை ஏறிக்கொண்டே போனது. அப்பாவிடம் சனம் வந்து, "மனேச்சர், எங்கடை பேர் ஏன் இல்லை?" என்று கேட்கத் தொடங்கியது அப்போதிருந்துதான். அதற்கு முதல் அந்தக் கேள்வியை எவரும் அவரிடம் கேட்டதில்லை.

நான் அதே கேள்விக்குப் பதில் சொல்கிற உத்தியோகத்துக்கு 1991இல் வந்தேன். சண்டையும் பொருளாதாரத் தடையுமான காலம். பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, சவர்க்காரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அதில் ஊறுகிற அளவு மண்ணெண்ணெய், சைக்கிள் வால்வுக் குழாயில் ஒரு திரி. அந்த வெளிச்சத்தில்தான் என் மூத்தவள் படித்தாள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு சண்டை நெருங்கி வலிகாமம் முழுவதும் எழும்பி வந்தபோது எங்கள் பள்ளிக்கூடங்களும் கோயில் மடங்களும் நிறைந்தன. ஒரு மாமரத்துக்குக் கீழ் மேசையைப் போட்டுக்கொண்டு நான் தலை எண்ணினேன். டொக்டர் குடும்பமும் இருந்தது, கூலிக்காரக் குடும்பமும் இருந்தது. அந்த முதல் கிழமைகளில் உங்களுக்கு அங்கே வீடு எப்படி, காணி எவ்வளவு என்று நான் எவரையும் கேட்கவில்லை. கேட்கச் சொல்லி எனக்கு எவரும் சொல்லவுமில்லை. தலைக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பருப்பு. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதையைப் பூட்டிய பிறகும் அப்படித்தான். கப்பலில் வந்த சாமானைச் சங்கக்கடையில் குடும்ப அட்டைக்குப் பங்கிட்டோம்.

அதனால் 2022 வந்தபோது, இதெல்லாம் நாங்கள் கண்டதுதானே என்று ஊரில் பலர் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அது பிழை என்று விளங்க எனக்கு மூன்று மாதம் எடுத்தது.

முந்தின தட்டுப்பாட்டில் சாமான் இல்லை, ஆனால் வந்ததைத் தலைக்கு இவ்வளவு என்று பங்கிட முடிந்தது. இந்த முறை விலையே ஓடிக்கொண்டிருந்தது. மார்ச் 7ஆம் திகதி ரூபாவை மிதக்க விட்டார்கள். 203 ரூபாவில் பிடித்து வைத்திருந்த டொலர் ஒரு மாதத்துக்குள் 300ஐத் தாண்டியது. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. பெற்றோல் மார்ச்சில் 254 ரூபா, ஏப்ரலில் 338, மேயில் 420, ஜூனில் 470. ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்களும் இருந்தன. அலுவலகத்தில் தாள் முடிந்துபோய்ப் பழைய சுற்றறிக்கைகளின் பின்பக்கத்தில் விண்ணப்பம் எழுதினோம். வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் நின்று தோட்டம் செய்யச் சொல்லி அரசாங்க ஊழியருக்கு லீவு தந்தார்கள். கொழும்பில் ஜனாதிபதி பதவி விலகவேண்டும் என்று காலிமுகத்திடலில் பிள்ளைகள் கூடாரம் அடித்துக் குந்தியிருந்தார்கள். மார்ச் 22ஆம் திகதி மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பதினாறு பேர் படகேறித் தனுஷ்கோடிப் பக்கம் போய் இறங்கிய செய்தியைப் பத்திரிகையில் பார்த்தேன். சண்டை நடந்த காலத்தில் அகதியாய்ப் போவதைக் கண்டவன் நான். சண்டை இல்லாத காலத்தில், அரிசி விலைக்காக ஒருவன் கைக்குழந்தையோடு கடல் கடப்பதை அன்றுதான் கேள்விப்பட்டேன். பின்னர் எங்கள் பிரிவிலும் ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. நாய் மட்டும் முற்றத்தில் படுத்திருந்தது. எங்கே போனார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். உலக வங்கிக் காசில் மே மாதம் தொடங்கி மூன்று மாதத்துக்குச் சமுர்த்தி என்ற வறுமை நிவாரணம் பெறும் குடும்பங்களுக்குக் கூடுதல் கொடுப்பனவு வந்தது. 1,900 ரூபா எடுத்தவர்களுக்கு 3,100 சேர்த்து 5,000. காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களுக்கும் கிடைத்தது. அந்தக் காசை எண்ணி வாங்கிய கைகளை நான் பார்த்தேன். அதில்லாமல் அந்த மாதங்களைத் தாண்டியிருக்க முடியாத வீடுகள் எங்கள் பிரிவில் உண்டு. ஆனால் சமுர்த்திப் பட்டியல் எப்போதோ எழுதியது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்து காசு அனுப்புகிற வீடும் அதில் கிடந்தது. ஜனவரியில் நன்றாக இருந்து மே மாதம் நொடிந்துபோனவனின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

அப்படி ஒருவர்தான் எங்கள் ஊர் மேசன். நல்ல கைவேலைக்காரர். அவர் பூசிய சுவரில் நூல் பிடித்துப் பார்க்கத் தேவையில்லை. மனைவி, மூன்று பிள்ளைகள். தானே கட்டிய சிறிய கல்வீடு, தவணை கட்டி முடித்த ஒரு மோட்டார் சைக்கிள். சீமெந்துப் பை மூவாயிரம் ரூபாவைத் தொட்டபோது ஊரில் கட்டட வேலை முழுவதும் நின்றது. அரைவாசியில் நின்ற வீடுகளின் கம்பிகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டு நின்றன. தூரத்தில் எங்கேயாவது வேலை கிடைத்தாலும் போகப் பெற்றோல் இல்லை.

தமிழ்நாட்டிலிருந்து அரிசி வந்தது அந்த நேரத்தில்தான். மு.க. ஸ்டாலின் அரசு 40,000 தொன் அரிசி, 500 தொன் பால்மா, மருந்து வகைகள் என்று அறிவித்தது. முதற்கப்பல் மே 18ஆம் திகதி சென்னையிலிருந்து 9,000 தொன் அரிசியோடு புறப்பட்டு 22ஆம் திகதி கொழும்பு வந்தது. எங்கள் பிரிவுக்கு வந்த லொறியிலிருந்து பத்துக் கிலோ பொதிகளைப் பெடியள் தோளில் தூக்கி இறக்கினார்கள். ஒரு வயதான சம்மாட்டி வந்து ஒரு பொதியைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "அங்கையிருந்தோ?" என்று மட்டும் கேட்டார். இளந்தாரிக் காலத்தில் அந்தக் கரைக்கு எத்தனையோ முறை ஓடிப்போய் வந்த ஆள்.

பொதி பாதிக் குடும்பத்துக்கும் காணாது. யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்க ஐந்து பேர் மண்டபத்தில் இருந்தோம். சமுர்த்திக்காரர், பெண் தலைமைக் குடும்பங்கள், மாற்றுத்திறனாளிகள் உள்ள வீடு, கைக்குழந்தை உள்ள வீடு. அதற்குப் பிறகும் எஞ்சிய பெயர்கள் அதிகம். நேரம் போய்க்கொண்டிருந்தது, இருட்டினால் வெளிச்சம் இல்லை. "மோட்டார் சைக்கிள் உள்ள ஆட்களை விடுவம்" என்று ஒரு குரல் சொன்னது. எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தக் குரல் என்னுடையது.

அடுத்த நாள் பகல் மேசனின் மனைவி வந்தா. கையில் மடித்த உரப்பை ஒன்று. கொடுக்கிற இடத்துக்கு வரவில்லை, மண்டபத்துக்குப் பின்பக்கம் நின்று நான் வெளியே வரும்வரை காத்துக்கொண்டு நின்றா.

"சேர், எங்கடை பேர் இல்லையாம்."

"உங்களிட்டை மோட்டார் சைக்கிள் ஒண்டு கிடக்குது பிள்ளை. அப்பிடித்தான் பிரிச்சனாங்கள்."

அவ கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னா: "அது ஒரு மாசமாய்ப் படுத்துக் கிடக்குது சேர். அதுக்குப் பெற்றோல் இருந்தால் அவர் வேலைக்குப் போயிருப்பார். நான் இஞ்சை வந்திருக்க மாட்டன்."

எனக்குப் பதில் வரவில்லை. பொதிகள் எல்லாம் பெயருக்குப் பெயர் எழுதி முடிந்துவிட்டன. ஒன்றை எடுத்தால் இன்னொரு வீட்டுக்கு இல்லை. "பரவாயில்லை சேர்" என்று சொல்லிவிட்டு, அந்த உரப்பையை இன்னும் சின்னதாக மடித்துக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு போனா. எவருக்கும் தெரியக்கூடாது என்பதற்காக அவ அந்தப் பையை மடித்த விதம் இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

அன்று பின்னேரம் என் மனைவி எங்கள் வீட்டு அரிசியில் நாலு கொத்து அளந்து ஒரு பையில் போட்டு, வேறு எதற்கோ போவதுபோல் அந்த வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தா. மூன்றாம் நாள் அவர்களுடைய மூத்த மகன் அந்தப் பையைத் திருப்பிக் கொண்டுவந்து தந்தான். உள்ளே எட்டு முருங்கைக்காய், ஒரே அளவில் வெட்டி வாழை நாரால் கட்டியிருந்தது.

அந்த இரவு நான் மண்ணெண்ணெய்க் கொப்பியைத் தலைகீழாகத் திருப்பிக் கடைசிப் பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கினேன். எந்த அட்டையிலும் இல்லாத, ஆனால் அடுப்பு எரியவில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்த வீடுகள். முதல் பெயர் ஆச்சி. இரண்டாவது மேசன். தட்டெழுத்தில் மேலிடத்துக்கு அனுப்பவேண்டிய பட்டியல் அல்ல அது. அனுப்புவதற்கு ஒரு படிவமும் இல்லை. ஆனால் எங்கேயாவது ஒரு தொண்டு நிறுவனமோ கோயிலோ வெளிநாட்டில் இருக்கிற ஊர்ச் சங்கமோ பத்துப் பொதி தருகிறோம் என்று கேட்டால் நான் இந்தக் கடைசிப் பக்கத்தைத்தான் திறப்பேன்.

ஜூலை 9ஆம் திகதி சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் போனதை என் மகன் போனில் காட்டினான். ஜனாதிபதி கோட்டாபய 14ஆம் திகதி பதவி விலகினார். எங்கள் மண்டபத்துக்கு முன்னால் அன்றும் கான்கள் கயிற்றில் நின்றன. பிறகு வந்த கியூ.ஆர் முறை பெற்றோல் கியூவைக் குறைத்தது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் என்றால் அமைச்சரின் ஆளுக்கும் நாலு, எங்கள் மேசனுக்கும் நாலு. போனும் வாகனப் புத்தகமும் இருந்தவர்களுக்கு அது ஒழுங்காக வேலை செய்தது. ஆனால் மண்ணெண்ணெய்க்கு அப்படியொன்றும் வரவில்லை.

மண்ணெண்ணெயின் கதை ஓகஸ்டில்தான் முற்றியது. அதுவரை லீற்றர் 87 ரூபா. அது ஏழைக்கென்று பிடித்து வைத்த விலை. டீசல் 460 விற்கும்போது மண்ணெண்ணெய் 87 என்றால் அது ஏழையிடம் வந்து சேராது. லொறிக்கும் பஸ்ஸுக்கும் கலந்து ஊற்ற ஆட்கள் இருந்தார்கள். அதனால் விலையைக் கூட்டத்தான் வேண்டும் என்று மேலே சொன்னவர்களின் கணக்கை நான் மறுக்கவில்லை. ஓகஸ்ட் 21ஆம் திகதி ஞாயிறு நள்ளிரவு அதை 340 ரூபாவாக்கினார்கள். திங்கட்கிழமை காலை சங்க மண்டபத்தில் கியூ இல்லை. எண்ணெய் இருந்தது. இத்தனை மாதத்தில் முதன்முறையாகத் தாங்கி நிறைய இருந்தது. கயிறு தூணில் சுற்றிக் கிடந்தது.

எங்கள் கரையில் சின்னப் படகுகளின் வெளியிணைப்பு எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. ஒரு தொழிலாளி மணலில் குந்தியிருந்து ஈர்க்கால் எனக்குக் கணக்குக் கீறிக் காட்டினார். ஒரு நாளைக்கு இருபது லீற்றர். நேற்று 1,740 ரூபா. இன்று 6,800. அதற்கு மேல் ஐஸ், இரை, கூட வருகிறவனின் பங்கு. "ஆறாயிரத்துக்கு மீன் படுமெண்டு கடல் எழுதித் தந்ததோ விதானையார்?" என்று கேட்டார். அந்தக் கிழமை படகுகளில் பாதி கரையில் கவிழ்ந்து கிடந்தன. சிலர் தண்டு வலித்துக் கண்ணுக்கெட்டிய தூரம் மட்டும் போய் வந்தார்கள். ஒருவர் எஞ்சினை விற்றார். வாங்கினவர் கொடுத்த காசை எண்ணிப் பார்க்காமலே மடிக்குள் வைத்தார்.

விலையை ஏற்றும்போது, பாதிக்கப்படுகிறவர்களுக்குக் காசாக உதவி வரும் என்றும் சொல்லப்பட்டது. சர்வதேச நாணய நிதியத்தோடு செப்டெம்பர் 1ஆம் திகதி அலுவலர் மட்டத்தில் உடன்பாடு. சமுர்த்திக்குப் பதிலாகப் புதிய நலன்புரித் திட்டம். விண்ணப்பம் எடுத்தது செப்டெம்பர், ஒக்டோபரில். வீடு வீடாகக் கணக்கெடுத்தது 2023 முற்பகுதியில். பட்டியல் ஒட்டியது ஜூனில். அஸ்வெசும என்று பெயர். ஜூலை 1ஆம் திகதி முதல் நடைமுறை, காசு வங்கிக்கு வந்தது ஓகஸ்ட் கடைசியில். விலை ஒரு நள்ளிரவில் ஏறியது. அதற்கு ஈடு வர ஒரு வருடம். அந்த ஒரு வருடத்தில்தான் எங்கள் கரையில் ஐஸ் பெட்டிகள் விற்கப்பட்டன, தோடுகள் அடகுக்குப் போயின, ஒன்பதாம் வகுப்புப் பெடியள் பள்ளிக்கூடத்தை விட்டுக் கூலிக்குப் போனார்கள். நாட்டில் வறியோர் 2021இல் நூற்றுக்கு 13 பேராக இருந்து 2022இல் 25 பேரானார்கள் என்று உலக வங்கி கணக்குச் சொன்னது. அந்தப் பன்னிரண்டு பேரும் எனக்குப் பெயரோடு தெரிந்தவர்கள். என் கொப்பியின் பின்பக்கத்தில் இருந்தவர்கள் அவர்கள்தான்.

வரிசை மாறியிருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம். விலை ஏறுகிற அன்றைக்கே, அட்டை உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே தொகையைக் கொடுத்திருக்கலாம். தேவையில்லாத நூறு பேர் வாங்கியிருப்பார்கள், அது உண்மை. அவர்களைப் பிறகு ஆறுதலாகக் கழித்திருக்கலாம். நாங்கள் செய்தது மறுவளம்: முதலில் எல்லோரையும் கழித்துவிட்டு, பிறகு ஆறுதலாக ஒவ்வொருவராகச் சேர்த்தோம். 1995இல் மாமரத்துக்குக் கீழ் தலை எண்ணிய எனக்கு, இது செய்ய முடியாத காரியம் என்று எவரும் சொல்லத் தேவையில்லை.

அஸ்வெசுமக் கணக்கெடுப்பில் கல்வி, சுகாதாரம், வருமானம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று ஆறு பிரிவு, அவற்றுக்குள் 22 அளவுகோல். நேர்மையாக யோசித்துச் செய்த வேலைதான் அது. அரசியல்வாதியின் கையில் இருந்த பட்டியலை ஒரு கணக்கின் கையில் கொடுக்க வேண்டும் என்பது நல்ல எண்ணம். அப்போது மிக வறியவருக்கு 15,000, வறியவருக்கு 8,500, பாதிக்கப்படக்கூடியவருக்கு 5,000, தற்காலிகமாக வறுமைப்பட்டவருக்கு 2,500. சமுர்த்தியை விட எவ்வளவோ கூடிய தொகை. ஆனால் ஆச்சியின் பெயர் நாலு வகையிலும் இல்லை. அவ இருப்பது சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடு. சீமெந்துத் தரை, ஓட்டுக்கூரை, மலகூடம், மின்சார இணைப்பு. படிவத்தில் எல்லாம் சரி. கரண்ட் கட்டணம் 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் ஏறிய பிறகு அவ பிரதான ஆளியை நிறுத்தி வைத்துவிட்டு விளக்கில்தான் இருந்தா என்பது எந்த அளவுகோலுக்குள்ளும் வராது. முதியோர் கொடுப்பனவு இரண்டாயிரம் ரூபாதான் அப்போது அவவின் வருமானம்.

பட்டியலைச் சுவரில் ஒட்டிய நாள் எனக்கு மண்ணெண்ணெய் நாட்களை விடப் பாரமாக இருந்தது. பெயர் உள்ளவர் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுச் சத்தமில்லாமல் விலகினார். இல்லாதவர் இரண்டு மூன்று முறை விரலை மேலிருந்து கீழே ஓட்டினார். பிறகு மற்றவர்களின் பெயரை வாசித்தார். அதுதான் கொடுமை. தகுதி இல்லாதவர்களைப் பற்றி ஆட்சேபனை எழுதலாம் என்று விதி இருந்தது. முப்பது வருடம் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளிய வீடுகள் ஒன்றையொன்று எழுதின. கையெழுத்தைப் பார்த்தே யார் என்று எனக்குத் தெரியும். சண்டைக் காலத்தில் ஒரு சட்டிக் கஞ்சியை நாலு வீடாய்ப் பகிர்ந்தவர்கள். நாடு முழுவதும் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் போயின. அதில் எங்கள் பிரிவின் பங்கை நானும் ஓர் அபிவிருத்தி உத்தியோகத்தர்ப் பிள்ளையுமாக இரவிரவாக நிரப்பினோம். ஆச்சியின் படிவத்தை நானே என் கையால் எழுதினேன். "வீட்டில் உள்ள பெறுமதியான பொருட்கள்" என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். "அம்மாளாச்சியின்ரை படம் ஒண்டு இருக்குது தம்பி, அதை எழுதாதை" என்றா.

மேசனின் வீடு பட்டியலில் இருந்தது. 8,500 ரூபா. கணக்கெடுக்க வந்தபோது சொன்னதெல்லாம் உண்மை. ஆனால் அவர் பெப்ரவரியிலேயே கட்டாருக்குப் போய்விட்டார். 2022இல் மட்டும் வெளிநாட்டு வேலைக்கென்று நாட்டை விட்டுப் போனவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல், அடுத்த வருடத்துக் கூட்டத்தில் இவர் ஒருவர். மனைவி அலுவலகத்துக்கு வந்து, இந்த முறை முன்பக்கத்தால் வந்து, கதிரையில் இருந்து கேட்டா: "சேர், அவர் இப்ப காசு அனுப்புறார். இதை நாங்கள் எடுக்கலாமோ?"

ஏஜென்சிக்குக் கட்ட வாங்கிய வட்டிக்கடன் அவவுக்கு இன்னும் இருந்தது எனக்குத் தெரியும். போன வருடம் தேவைப்பட்டபோது நான் கொடுக்காத பத்துக் கிலோவும் எனக்குத் தெரியும். "எடுங்கோ பிள்ளை" என்றேன். சட்டப்படி நான் சொன்னது சரியா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. ஆனால் திருப்பிச் சொல்லச் சொன்னாலும் அதையேதான் சொல்வேன்.

அறுபது வயதாகி நான் ஓய்வு பெற்றபோது ஆச்சியின் மேன்முறையீட்டுக்கு முடிவு வந்திருக்கவில்லை. என் இடத்துக்கு வந்தது ஒரு பிள்ளை, முப்பது வயதுக்குள். பட்டதாரி. நான் பொறுப்புக் கொடுத்த பொருட்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து எழுதினா: ரப்பர் முத்திரை, வதிவிடப் பதிவேடு, வாக்காளர் இடாப்பு, இரண்டு அலுமாரி, ஆறு கதிரை. கடைசியில் எண்ணெய் ஊறிய அந்தச் சீ.ஆர் கொப்பி. அது எந்தப் பதிவிலும் இல்லாத பொருள்.

"இது என்ன சேர்?"

"மண்ணெண்ணெய்ப் பங்கீடு. அது முடிஞ்சுது. பின்பக்கத்தைப் பாருங்கோ."

அவ திருப்பிப் பார்த்தா. நாற்பது பெயர் வரையில் இருந்தன, சிலது வெட்டியும் மறுபடி எழுதியும். வெட்டியது நிலைமை தேறியதால், மறுபடி எழுதியது திரும்பவும் விழுந்ததால். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சின்னக் குறிப்பு: எஞ்சின் விற்றது, மகன் பள்ளிக்கூடம் இல்லை, சலரோகம், ஆளி நிறுத்தியது. அவ முதல் பெயரை விரலால் தொட்டு, "இந்த ஆச்சி எங்கை இருக்கிறா?" என்று கேட்டா.

சொல்லி விளங்கப்படுத்துகிற ஒழுங்கை அல்ல அது. என் சைக்கிளில் நானும் அவவின் ஸ்கூட்டரில் அவவுமாகப் போனோம். பின்னேரம், வாடைக்காற்று தொடங்குகிற நேரம். படலையில் என் சைக்கிள் மணியைக் கேட்டதும் உள்ளேயிருந்து ஆச்சி எழும்பி வருகிற சத்தம் கேட்டது. ஒரு கையில் ஊன்றுதடி, மற்றக் கையில் அந்தச் சோடாப் போத்தல்.

"தம்பி," என்று கேட்டா, "பவுசர் வந்திட்டுதோ?"